சனிக்கிழமைக் கரி

வெள்ளை பனியனுக்குப் பேர்போன ஊரில் வெள்ளைத் துணிக்கு முதல் எதிரி கரித்தூள். நான் வேலை பார்க்கும் சாய ஆலையில் அது எனக்கும் ஜென்மப் பகை. பாய்லருக்கு லாரியில் நிலக்கரி வந்து இறங்குகிற நாளில் என் மேசை கறுப்பாகும், டிபன் பாக்ஸ் கறுப்பாகும், மூக்கைச் சிந்தினால் அதுவும் கறுப்பு. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் மாமியார், "கண்ணுக்கு மை கொஞ்சம் கம்மியா வெய்யி அம்மிணி" என்று புத்தி சொல்வார். நான் மை வைக்கும் வழக்கமே இல்லை.

ஆலையில் என் வேலைக்குப் பெயர் காம்ப்ளையன்ஸ். எங்கள் துணியை வாங்கும் வெளிநாட்டு பையர்கள் என்னென்ன கேட்கிறார்களோ அத்தனைக்கும் "ஆச்சு சார்" என்று பொய்யில்லாமல் சொல்லும்படி ஆலையை மேய்க்க வேண்டும். மேய்க்கிறவளுக்குக் குரல் வேண்டும், எனக்கு அது நிறைய உண்டு. பொறுமைதான் கிடையாது.

எங்களுடைய பெரிய பையர், பாய்லரில் இனி நிலக்கரி எரியக் கூடாது, எரிந்தால் அடுத்த சீசன் ஆர்டர் இல்லை என்று சொல்லிவிட்டார். எனக்குக் கொண்டாட்டம். முதலாளிக்குத்தான் முகம் தொங்கிப்போனது. வெள்ளைக்காரன் காலங்காலமாகக் கரியை எரித்துத்தானே ரயில் விட்டான், மில் கட்டினான், அவன் வயிறு நிறைந்த பிறகு நமக்குப் பத்தியம் சொல்கிறானா என்று ஒரு வாரம் புலம்பினார். பிறகு அடங்கினார். அவரும் காற்றை நம்பியவர்தான். மடத்துக்குளம் பக்கம் அவருக்குக் காற்றாலைகள் உண்டு. அவர் அவற்றைக் காத்தாடி என்றுதான் சொல்வார். பழனிக்குப் போகிற வழியில் காரை நிறுத்தி, கூட வந்தவர்களுக்கெல்லாம் பெற்ற பிள்ளையைப் போலக் காட்டுவார். ஆடி மாதம் அவர் பெருமை தாங்காது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது காத்தாடி சுற்றாதா? கார்த்திகையில் மட்டும் அந்தப் பேச்சை எடுக்க மாட்டார். அப்போது காத்தாடிகள் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்கும், நாங்கள் மற்றவர்களைப் போல அரசு மின்சாரத்தில் ஓடுவோம்.

ஆக, பாய்லர் மாறியது. கரி போன இடத்தில் கடலைத்தொலியை அமுக்கிச் செய்த கட்டிகள் வந்தன. அவற்றை பெல்ட்டே கொண்டுபோய் நெருப்பில் தள்ளிவிடும். மண்வெட்டியால் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு வேலை இல்லாமல் போனது. நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினோம், கணக்கை முடித்தோம், அவர்கள் போனார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் கேண்டீன் அக்காவின் தம்பி.

அக்கா தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். பல வருடமாக எங்கள் ஆலையின் கேண்டீன் அவர் கையில்தான் இருக்கிறது. வாரம் முழுக்க சாம்பாரும் ரசமும். சம்பள நாளான சனிக்கிழமை மட்டும் ஆட்டுக்கறிக் குழம்பு. அந்த வாசனைக்கு, சனிக்கிழமை லீவு கேட்கிற ஆளே எங்கள் ஆலையில் இல்லை. தம்பி ஊருக்குப் போனதற்கு அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாததை நான் நிம்மதியாக எடுத்துக்கொண்டேன்.

ஆலையைச் சோதிக்க பையர் ஆள் அனுப்பும் ஆடிட் நெருங்கியது. தொழிலாளருக்குப் புரிகிற மொழியில் அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும் என்பது விதி. நான் ஓடிக்கொண்டே ஃப்ளெக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் வாய்ஸ் அனுப்பினேன்: "நம் ஆலை கரி இல்லாத ஆலை. நல்லாப் பசுமையா ஒரு படம் போட்டுருங்க." கடைக்காரர் காதுக்கு ஏது சின்ன ர, பெரிய ற? அவர் அடித்துக் கொடுத்தது: "நம் ஆலை கறி இல்லாத ஆலை." மேலே ஒரு பச்சை இலை. கீழே, நான் சொல்லாமலேயே, வழக்கப்படி அவர் சேர்த்துக்கொண்ட வரி: "மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்." நான் சென்னைக்கு ஒரு பயிற்சிக்குப் போயிருந்த நேரத்தில் செக்யூரிட்டி அதை வாங்கி, காலியாக இருந்த ஒரே சுவரில் மாட்டிவிட்டார். அது கேண்டீன் சுவர்.

அந்த நேரம் பார்த்து, கார்த்திகை பிறந்ததும் முதலாளி சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். கறுப்பு வேட்டி, நெற்றி நிறைய விபூதி. ஆலையே அவரை சாமி என்று கூப்பிட்டது. பிறகு சந்தேகப்பட என்ன இருக்கிறது? சாமிக்கு மாலை, சுவரில் இலை, ஆலையில் கறி இல்லை. இரண்டு சனிக்கிழமை தட்டில் கத்தரிக்காய் வந்தது. ஆட்கள் முறைத்துக்கொண்டே தின்றார்கள். முதலாளியிடம் கேட்க எவருக்கும் தைரியமில்லை. திரும்பி வந்த நானும் அந்தப் பலகையைத் தினமும் பார்த்தேன். நான் சொன்னதைத்தான் அதில் படித்தேனே தவிர, எழுதியிருந்ததைப் படிக்கவில்லை.

ஆடிட்டர் ஒரு சனிக்கிழமை வந்தார். சென்னைக்காரர், மரியாதையான மனிதர். பாய்லரைச் சுற்றிப் பார்த்தார், கடலைத்தொலிக் கட்டியைக் கையில் எடுத்து முகர்ந்தார், சந்தோஷப்பட்டார். அடுத்தது தொழிலாளரைத் தனியாக விசாரிக்கும் சடங்கு. அந்த அறைக்குள் எங்களில் எவரும் போகக் கூடாது. இங்கிலீஷில் கேட்டால் பயந்துவிடுவார்கள் என்று அவர் நல்ல தமிழில் கேட்டிருக்கிறார். உள்ளே போய் வந்த, துணி செக்கிங் பார்க்கும் பெண் பிறகு என்னிடம் ஒப்பித்தது இது:

"'இங்க இன்னும் கரி போடறாங்களாம்மா?'ன்னு கேட்டாருங்க. சனிக்கிழமையானாப் போடுவாங்க, போர்டு வெச்சப்புறம் நிறுத்திட்டாங்கன்னு சொன்னனுங்க. இன்னிக்கு மட்டும் கேண்டீன் அக்கா பொறவால ஒளிச்சு வெச்சுப் போடறாங்கன்னும் சொன்னனுங்க. பொய் சொல்லக் கூடாதில்லீங்களா?"

ஆடிட்டர் வெளியே வந்தபோது அவர் முகத்தில் பழைய சந்தோஷம் இல்லை. சனிக்கிழமைகளில் நீங்கள் ரகசியமாகக் கரி எரிப்பதாகத் தெரிகிறது, கேண்டீனுக்குப் பின்னால் இருப்பு இருக்கிறதாம், பார்க்க வேண்டும் என்றார். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ஆர்டர் கையைவிட்டுப் போவது கண்ணெதிரே தெரிந்தது. எவனோ எனக்குத் தெரியாமல் பழைய கரியைப் பதுக்கியிருக்கிறான், கிடைத்தால் அவன் தோலை உரிப்பது என்று பல்லைக் கடித்துக்கொண்டு முன்னால் நடந்தேன்.

எங்களைக் கண்டதும் அக்கா கரண்டியைக் கீழே போட்டார். ஆடிட்டர் மெதுவாகத்தான் கேட்டார், கரி எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று. அக்கா இல்லவே இல்லை என்றார். ஒரு துண்டுகூடக் கிடையாது என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். அது எப்படி இருந்ததோ தெரியவில்லை, பின்பக்கம் போய்ச் சாக்கைப் போர்த்தியிருந்த குண்டானை இழுத்து வந்து எங்கள் முன்னால் வைத்து மூடியைத் திறந்தார்.

சுக்கா. மிளகும் கறிவேப்பிலையும் போட்டு, எலும்போடு வறுத்தது. ஆடிட்டர் குண்டானைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பலகையை வாய்விட்டு ஒரு முறை படித்தார். பிறகு பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. அந்த ஃப்ளெக்ஸ் கடைக்காரரைத் திட்டிக்கொண்டே சிரித்தேன்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"எந்தம்பிக்கும் இப்படித்தான மேடம், மொதல்ல சுவத்துல தாளு ஒட்டுனிய. அப்புறம் அவன அனுப்புனிய. இப்ப என் சுவத்துல போர்டு. அடுத்தது நாந்தான்னு சட்டியெல்லாம் மூட்டை கட்டி வச்சிட்டேன். போறதுக்கு முந்தி பிள்ளையளுக்கு ஒரு நேரம் நல்லா ஆக்கிப் போட்டுட்டுப் போவோம்னு நெனச்சேன்."

மூட்டைகள் அலமாரிக்குக் கீழே இருந்தன. பித்தளைக் கரண்டிகளைக்கூடத் துணியில் சுற்றியிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் நானே ஸ்டூலில் ஏறி ஃப்ளெக்ஸைக் கிழித்தேன். பெரிய ற என்றால் தின்பது, சின்ன ர என்றால் எரிப்பது, உங்களை யாரும் அனுப்பவில்லை என்று அக்காவுக்கு விளக்கினேன். அவர் பாதிதான் நம்பினார். ஆடிட்டர் கைகழுவி வந்து தட்டை நீட்டிய பிறகுதான் முழுதாக நம்பினார்.

சேதி முதலாளிக்குப் போனது. மாலை போட்ட மனிதர் கேண்டீன் வாசலுக்கு அந்தப் பக்கமே நின்று, மூக்கை மேல்துண்டால் மூடிக்கொண்டார்.

"ஏனுங்க்கா, நான் மாலை போட்டா நான் திங்க மாட்டனுங்க. ஊரையே பட்டினி போடுவனுங்களா? சனிக்கெழம எப்பவும் போல போடுங்க. எனக்கு வாசம் மட்டும் வராம பாத்துக்கங்க."

ஆடிட்டில் தேறினோம். பாய்லரில் கரி இல்லை, ஆலை சுத்தம், ஆர்டர் உறுதி. எல்லோரும் எல்லோருக்கும் ஸ்வீட் கொடுத்தோம். அக்கா மூட்டையைப் பிரித்துக்கொண்டே தம்பிக்கு போன் போட்டார். கதையைச் சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் அவர் சிரிப்பது எனக்கே கேட்டது. அக்கா போனை என் கையில் திணித்து, நீங்களும் பேசுங்க என்றார்.

அந்தத் தம்பியிடம் என்ன பேசுவது? நலம் விசாரித்தேன். ஊரில் வேலை கிடைத்ததா என்று கேட்டேன். அனல் மின் நிலையத்தில் காண்ட்ராக்ட்டில் சேர்ந்திருப்பதாகச் சொன்னார். என்ன வேலை என்று கேட்டிருக்க வேண்டாம். ஆனாலும் வாய் சும்மா இருக்காதே, கேட்டேன்.

"அதே வேலதான் மேடம், கரிதான். கப்பல்ல வந்து எறங்குது. இப்பம் காத்து இல்லல்லா, ராப்பகலா ஓடுது. ஒங்க மெசினுக்கு இப்பமும் நாந்தான் கரி போடுதேன், வயரு வழியா வருது."

நக்கலாகச் சொல்லவில்லை, சந்தோஷமாகத்தான் சொன்னார். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நான் "சரிங்க தம்பி, ஒடம்பப் பாத்துக்கங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, போனை அக்காவிடம் கொடுத்தேன்.