பட்டுப்புடவையும் பழைய நைட்டியும்

பிரசவம் முடிந்த ஐந்தாம் மாதம், மகளைத் தூக்கிக்கொண்டு, அரியலூரில் அம்மா வீட்டிலிருந்து பாடாலூரில் உள்ள கணவர் வீட்டுக்குக் காரில் வந்து இறங்கினேன். புதுப் பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. ஆரத்தி எடுத்து உள்ளே அழைத்தார்கள். உட்கார்ந்ததும் மகள் அழ ஆரம்பித்தாள். பால் கொடுத்தால் வாய் வைக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிட்டாள். தோளில் போட்டுத் தட்டினாலும் அடங்கவில்லை.

"கண்ணு பட்டுடுச்சு" என்று மாமியார் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார்.

"பால் வத்திருக்கும் அண்ணி, பவுடர் டப்பா வாங்கிட்டு வரச் சொல்லவா?" என்றாள் நாத்தனார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஜாக்கெட்டே நனைஞ்சு கெடக்கு, வத்திடுச்சாம்!" என்று சொல்லி, மகளோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். அவளைக் கட்டிலில் கிடத்திவிட்டு, பட்டுப்புடவையையும் பூவையும் கழற்றிப் போட்டு, பையிலிருந்த பழைய நைட்டியை மாட்டினேன். அம்மா வீட்டில் நாள் முழுக்க அதோடுதான் கிடந்தேன். துவைத்தாலும் பால் வாடை போகாது. தூக்கியதும் மகள் அதில் மூக்கைத் தேய்த்தாள். விசும்பல் நின்றது. மடக் மடக்கென்று குடித்தாள்.

வெளியே இருந்தவர்கள் எல்லாரும் பட்டு கட்டிய மருமகளைப் பார்க்கக் காத்திருந்தவர்கள். அவளை யாரென்றே தெரியாத ஒரே ஆள் என் மகள்தான்.