கலியமூர்த்தி காட்டாத படங்கள்

செய்தி எனக்கு ஒரு வேலையாக வந்தது. காலையில் ஸ்டுடியோவின் ஷட்டரைத் தூக்கிவிட்டு போனைப் பார்த்தால், ஃபிளக்ஸ் அடிக்கும் கடைக்காரர் ஓர் ஆதார் அட்டையைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார். கூடவே அவர் குரல்: "அண்ணே, கண்ணீர் அஞ்சலி பேனருக்கு இந்த மூஞ்சியக் கொஞ்சம் தெளிவாக்கிக் குடுங்க. வூட்ல வேற போட்டோவே இல்லையாம்." இப்படி அடிக்கடி வரும். யார் என்ன என்று கேட்காமல் செய்து கொடுப்பேன். அன்றும் அப்படித்தான் படத்தைப் பெரிதாக்கினேன். கண் தெளிந்து, மூக்கு தெளிந்தபோது கலியமூர்த்தி சார் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விடிகாலையில் நெஞ்சு வலி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்று பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. எத்தனை வருடம் என் ஸ்டுடியோவில் வந்து உட்கார்ந்திருப்பார். ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள் சார் என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். "என்னைய எப்ப வேணா எடுத்துக்கலாம்" என்று எழுந்து போய்விடுவார். அரியலூர் ரயில் பிளாட்பாரத்தில் ஆயிரக்கணக்கான பேரைப் படம் எடுத்த மனிதருக்கு பேனரில் போட ஆதார் படம். இதை எங்கே போய்ச் சொல்வது?

கால்நடைத் துறை அலுவலகத்தில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அவரைச் சத்தமில்லாத எழுத்தராகத் தெரியும். ரயில் கலியமூர்த்தியை உங்களில் பலருக்குத் தெரியாது. எங்கள் பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. ஒவ்வொரு தேர்தலுக்கும் மேடையில் ஒரு ரயில் வரும், ஓட்டு எண்ணி முடித்ததும் போய்விடும். சார் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அரியலூரில்தான் போட்டிருந்தார்கள். தினமும் பஸ்ஸில் போய் வந்தார். சாயங்காலம் அலுவலகம் விட்டதும் நேரே பஸ் ஏறாமல் ரயிலடிக்குப் போய் உட்கார்ந்துகொள்வது பழக்கமாகிவிட்டது. மச்சினர் குவைத்திலிருந்து கொண்டுவந்த கேமரா ஒன்று கையில் இருந்தது. அப்போது அங்கே மீட்டர் கேஜ் என்ற பழைய குறுகலான பாதையில்தான் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

ரயில் படம் எடுக்கிறவர்கள் பொதுவாக இஞ்சினை எடுப்பார்கள். சார் எடுத்ததில் இஞ்சின் ஓரத்தில் எங்காவது இருக்கும், பல படங்களில் அதுவும் இருக்காது. பாசஞ்சரில் கோழிக்கூடையை ஜன்னல் வழியாக உள்ளே தள்ளுகிறவர், குழாயடியில் சட்டையைக் கழற்றிப் பிழிகிறவர், வழியனுப்ப வந்து வண்டி போன பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறவர், இவர்களைத்தான் எடுத்தார். ஓய்வு பெற்ற பிறகு ஒரு பிஸ்கட் டின் நிறைய நெகட்டிவ் சுருள்களைக் கொண்டுவந்து, ஸ்கேன் பண்ண முடியுமா என்று கேட்டார். திருமணத்துக்கும் காதுகுத்துக்கும் படம் எடுத்தே காலம் தள்ளுகிறவன் நான். கம்ப்யூட்டர் திரையில் அந்தப் படங்கள் ஒவ்வொன்றாக வந்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. உடனே கண்காட்சி வைக்கலாம் என்றேன்.

"அவங்க இன்னும் பாக்கலையே, பாஸ்கரு" என்றார்.

யார் என்று கேட்டேன். படத்தில் இருப்பவர்களாம். அவர்கள் பார்க்கும் முன்னால் ஊர் பார்க்கக் கூடாதாம். தெரியாத ஆளைக் கேட்காமல் எடுத்துவிட்டோம், அந்தத் தப்பை இப்படித்தான் நேர் செய்ய முடியும் என்பது அவர் கணக்கு. ஆளைக் கண்டுபிடித்து படத்தைக் கொடுக்க வேண்டும். அவருக்கு இஷ்டமிருந்தால் அரியலூருக்குக் கூட்டிப்போய், அன்றைக்கு நின்ற இடத்திலேயே இன்றைக்கு நிற்க வைத்து இன்னொரு படம். அன்றும் இன்றும் சேர்ந்தால்தான் சாருக்கு ஒரு படம் முழுசு. இருபத்தைந்து முப்பது வருடம் கழித்து, பேர் தெரியாத ஊர் தெரியாத மனிதர்களை எங்கே தேடுவது சார் என்றேன். "எல்லாம் இந்தச் சுத்துப்பட்டு ஆளுங்கதான்" என்றார்.

தேடவேண்டுமானால் படத்தைக் காட்டித்தானே ஆகவேண்டும்? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். முகத்தை மட்டும் வெட்டி பாஸ்போர்ட் அளவில் போட்டுத் தரச் சொன்னார். பின்னால் பிளாட்பாரம், பெட்டி, பக்கத்து ஆள் எதுவும் தெரியக் கூடாது. கல்யாண சீசனில், ஆல்பம் வேலை தலைக்கு மேல் கிடக்கும்போது, நான் அந்த முகங்களை வெட்டிக்கொண்டிருந்தேன். அவற்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டவுன் பஸ் ஏறி, டீக்கடை டீக்கடையாக "இவங்க யாருன்னு தெரியுதுங்களா" என்று கேட்பார். செட்டிகுளத்தில் அவரைக் கடன் வசூல் ஆள் என்று நினைத்து உட்கார வைத்துவிட்டார்கள். நான் பைக்கில் போய் அழைத்து வந்தேன். வழியெல்லாம் திட்டினேன். அவர் பின்னால் உட்கார்ந்து, அந்த டீக்கடையில் டீ நன்றாக இருந்தது என்றார்.

அவர் அலைவதைப் பார்க்கச் சகிக்காமல், ஒரு முகத்தை அவர் சம்மதத்தோடு நான் வாட்ஸப் குரூப்பில் போட்டேன். யாருக்காவது தெரியுமா என்றுதான் எழுதினேன். எந்தப் புண்ணியவானோ அதன் மேல் 'காணவில்லை' என்று சிவப்பில் எழுதி ஊரெல்லாம் சுற்ற விட்டுவிட்டார். சில நாள் கழித்து கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஒரு பெரியவர் மகனோடு ஸ்டுடியோவுக்கு வந்தார். முந்திரிக் காட்டில் வேலையாக இருந்தவரை, கிடைத்துவிட்டீர்களா என்று சொந்தக்காரர்கள் போன் போட்டே கொன்றுவிட்டார்களாம். என்னை அடிக்காத குறை. சார் அவரை உட்கார வைத்து, முழுப் படத்தையும் எடுத்துக் கொடுத்தார். தண்டவாளத்தின் ஓரம் ஒரு வாலிபன் தன் புதுச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நிற்கிற படம். பெரியவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "அந்தச் செருப்பு ரெண்டு மாசந்தான் வந்துது" என்றார். அடுத்த வாரமே அரியலூருக்கு வந்து செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அந்த ஜோடிப் படத்தைப் பார்த்தபோது, ஒத்துக்கொள்கிறேன், என் கோபம் கொஞ்சம் அடங்கியது.

ஆனால் அப்படிக் கிடைத்தவர்கள் சொற்பம். தேடிப் போனால் ஆள் திருப்பூரில் இருப்பார், அல்லது செத்திருப்பார், அல்லது எனக்கு எதற்கு இது என்பார். கிடைத்த ஜோடிகளை வைத்தாவது கண்காட்சி நடத்துவோம் என்று கெஞ்சிக் கூத்தாடி, அரியலூரில் ஒரு மண்டபம் பிடித்தேன். சுவர் நிறையவில்லை. அதனால் ஆள் கிடைக்காத நான்கு படங்களையும் பெரிதாகப் போட்டு நடுவில் மாட்டினேன். அவர் எடுத்ததிலேயே சிறந்தவை அந்த நான்கும்தான். காலையில் சார் எனக்கு முன்னால் மண்டபத்துக்குப் போய், நான்கையும் கழற்றி, துணி சுற்றி, பஸ்ஸில் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் நடுச்சுவரில் வெறும் ஆணிகளைப் பார்த்தார்கள். இங்கே என்ன இருந்தது என்று ஒவ்வொருவராக என்னிடம் கேட்டார்கள். அன்றைக்கு அவரிடம் பேசினதை இங்கே எழுத முடியாது. அவர் பதிலுக்கு ஒன்றுதான் சொன்னார்: "நம்ம வூட்டுப் பொம்பளையா இருந்தா மாட்டுவீங்களா?"

நான்கில் ஒன்று ஓர் அம்மாவும் சிறுமியும் இருக்கும் படம். இருவருக்கும் நடுவில் ஒரு தகரப் பெட்டி. அம்மா குனிந்து சிறுமியின் தலையில் ரிப்பன் கட்டுகிறார். பின்னால் வண்டி வந்துகொண்டிருக்கிறது, இருவரும் அதைப் பார்க்கவில்லை. இந்த அம்மாவைத்தான் சார் கடைசிவரை தேடினார். மாட்டியிருந்தால் பார்த்தவர்களில் யாராவது அடையாளம் சொல்லியிருப்பார்கள் என்று நானும் கடைசிவரை சொன்னேன். இந்த ஒரு விஷயத்தில் எங்கள் சண்டை முடியவே இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவர் மனைவி தனம் அக்கா என்னைக் கூப்பிட்டு பிஸ்கட் டின்னையும் ஹார்ட் டிஸ்க்கையும் கையில் கொடுத்தார். "இதுக்குத்தான ரெண்டு பேரும் சண்ட போட்டுக்கிட்டீங்க. இனிமே சண்ட போட ஆளு இல்ல. எடுத்துட்டுப் போயி என்ன வேணா பண்ணுங்க" என்றார். வாங்கிக்கொண்டேன். பைக்கை எடுக்கும்போதே முடிவு செய்துவிட்டேன். அதே மண்டபம், அதே சுவர், அந்த நான்கு படங்கள். கழற்றுவதற்கு இனி யாரும் வரமாட்டார்கள். அழைப்பிதழில் அம்மா, சிறுமி படத்தையே போட்டேன். சாயங்காலம் என் வாட்ஸப் ஸ்டேட்டஸிலும் வைத்தேன்.

மறுநாள் ஒரு பெண் ஸ்டுடியோவுக்கு வந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும். போனில் அந்த அழைப்பிதழைக் காட்டி, யார் எடுத்தது என்று கேட்டார். அந்தச் சிறுமி அவர்தான். சந்தோஷத்தில் எனக்குக் கைகால் ஓடவில்லை. நாற்காலி போட்டு, டீ சொல்லி, பெரிதாகப் போட்ட படத்தைக் கொண்டுவந்து எதிரில் வைத்தேன். நான் சொன்னதுதான் சரி என்று சொல்லிக்காட்ட சார் இல்லையே என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அந்தப் பெண் படத்தை நிதானமாகப் பார்த்தார். பிறகு, பேரும் ஊரும் போடாமல் எழுதிக்கொள்ளலாம் என்று பின்னால் எனக்கு அனுமதி கொடுத்த இந்த விஷயத்தைச் சொன்னார்.

"படம் நல்லாருக்கு சார். ஆனா அன்னைக்கு எங்கம்மா எங்கப்பாவ விட்டுட்டு என்னைய இழுத்துக்கிட்டுக் கெளம்பிட்டாங்க. ரெண்டு நாள்ல திரும்பிட்டோம். ஊருல, கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தோம்னு சொன்னாங்க. சாவுற வரைக்கும் அதையேதான் சொன்னாங்க. அப்பா இன்னும் இருக்காரு சார். இத வச்சுராதீங்க."

அம்மா இறந்தது போன வருடமாம். அதுவரை அரியலூர்ப் பக்கம்தான் இருந்திருக்கிறார். நாங்கள் அந்த மண்டபத்தில் வெறும் ஆணிகளோடு நின்றபோதும் இருந்திருக்கிறார். படம் அன்று மாட்டப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கிறேன். என் ஸ்டேட்டஸை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. அதை உடனே எடுத்துவிட்டேன். ஒரு பிரதி மட்டும் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தேன். அந்த வயதில் அம்மா எப்படி இருந்தார் என்பதற்கு அவரிடம் வேறு படமே இல்லை. எழுந்து போகும்போது வாசலில் நின்று, "எடுத்தவர நான் பாக்கணுமே சார், எங்க இருக்காரு?" என்று கேட்டார்.

உங்கள் அம்மாவைத் தேடித்தான் அவர் பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கினார் என்று சொன்னேன். போய்விட்டார் என்றும் சொன்னேன். அவர் படத்தைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

கலியமூர்த்தி சார், உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. நீங்கள் சொன்னது சரி என்று ஒத்துக்கொள்ளலாம் என்றால் நீங்கள் எதிரில் இல்லை. இல்லை, தப்பு என்று சண்டை போடலாம் என்றாலும் இல்லை. அந்த அம்மா உயிரோடு இருக்கும்போதே அவர் கையில் இந்தப் படம் போயிருக்க வேண்டும். அதற்கு உங்கள் வழியும் உதவவில்லை, என் வழியும் உதவவில்லை. இதை நான் யாரோடு பேசித் தீர்ப்பது?

மண்டபம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சாரின் கேமராவை அவர் மகன் வைத்துக்கொண்டார், அது நியாயம். அவர் நினைவாக என்னிடம் இருப்பது அந்த முகங்கள்தான். ஒரு கட்டு பாஸ்போர்ட் படங்கள், மேஜை இழுப்பறையில் இருக்கின்றன. அவற்றோடு அவர் வேலையும் என் தலையில் விழுந்துவிட்டது. எனக்குப் பொறுமை கிடையாது, டீக்கடை டீக்கடையாக அலைய நேரமும் கிடையாது. ஆகவே இதை வாசிக்கிறவர்களிடம் கேட்கிறேன். மீட்டர் கேஜ் ஓடிய காலத்தில் அரியலூரில் வண்டி ஏறியவர்கள், இறங்கியவர்கள், யாரையாவது வழியனுப்ப வந்து நின்றவர்கள் என் ஸ்டுடியோவுக்கு வாருங்கள். முதலில் முகத்தைத்தான் காட்டுவேன். அது நீங்களாக இருந்தால், முழுப் படத்தையும் உங்கள் கையில் கொடுத்துவிட்டு நான் வெளியே போய் நிற்கிறேன்.