பீரோவுக்குள் இருக்கும் ஒரிஜினல்

வேலையில் சேர்ந்த முதல் வாரம் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது பேச்சுதான். வெளிநாட்டுக் கம்பெனிகளின் பில் சந்தேகங்களுக்குப் போனில் பதில் சொல்லும் ஆபீஸ் அது. புதுச்சேரி நகரத்துக்குள், நான்காவது மாடி. முடியாது என்று யாரிடமும் சொல்லக்கூடாது, 'லுக் இன்டு இட்', என்னவென்று பார்க்கிறேன் என்று சொல்ல வேண்டும். பதில் தெரியாவிட்டால் 'சர்க்கிள் பேக்', அப்புறம் வருகிறேன் என்கிற மாதிரி. எதிராளி கோபப்பட்டால் 'ஹேங் இன் தேர்', கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். தினம் காலையில் போர்டில் இப்படி ஒன்று எழுதியிருக்கும். மாலைக்குள் அதை ஒரு அழைப்பிலாவது சொல்லியிருக்க வேண்டும். மாடியில் தமிழுக்குத் தடை.

எங்கள் ஊர் கிருமாம்பாக்கத்தில் பஸ் ஏறினால் இறங்கும்வரை அவற்றை உதட்டுக்குள் உருட்டிக்கொண்டே போவேன். பிடித்துத்தான் இருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்த முதல் ஆள் நான்.

சேரும்போது பத்தாம் வகுப்பிலிருந்து டிகிரிவரை எல்லாச் சான்றிதழ்களையும் ஒரிஜினலாகவே கேட்டார்கள். இரண்டு வருடம் வேலை பார்த்தால் திருப்பித் தருவார்களாம். கூடப் படித்த நண்பன் கொடுக்காதே என்றான். அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. அவர் கரும்பு வெட்டப் போகிறவர். ஜெராக்ஸை எவனும் வாங்குவான், ஒரிஜினலை வாங்கினால்தான் நம்மைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று அர்த்தம் என்பது அவர் எண்ணம். அம்மா ஃபைலின் மூலையில் மஞ்சள் தடவிக் கொடுத்தாள். டீக்கடையில் அப்பா பெருமையாகச் சொன்னதை நானே கேட்டேன்.

"சும்மா இல்லபா, ஒரிஜினலையே வாங்கி பீரோவுல வச்சிக்கினாங்க. இனிமே அவன எவனும் வெளிய அனுப்ப முடியாது."

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர், "அவனே போறன்னாலும் வுட மாட்டானுங்க போல கீதே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

முதல் வருடம் முடிவதற்குள் நான் எழுதியிருந்த அரசு வேலைத் தேர்வில் என் பெயர் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஒரிஜினல்களைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு.

எங்கள் டீம் லீடரிடம் போய்க் கேட்டேன். இதை 'ஆஃப்லைன்' பேசலாம், அதாவது தனியாகப் பேசலாம் என்றார். மறுநாள் கேட்டேன், 'சர்க்கிள் பேக்' என்றார். அதற்கும் மறுநாள் என் தோளைத் தட்டி 'ஹேங் இன் தேர்' என்றார். எல்லாம் நான் நாள் முழுக்கப் போனில் யார் யாருக்கோ சொல்வதுதான். சொல்லும்போது என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

வியாழக்கிழமை என்னால் பொறுக்க முடியவில்லை. அவர் மேசை முன்னால் நின்று தமிழிலேயே கேட்டேன். "சார், தருவாங்களா, மாட்டாங்களா? அத மட்டும் சொல்லுங்க."

சுற்றியிருந்தவர்கள் ஹெட்போனோடு திரும்பிப் பார்த்தார்கள். அவர் எழுந்து என்னைப் படிக்கட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அதுவரை அவர் வாயில் தமிழையே கேட்டதில்லை.

"டேய், நானும் வில்லியனூரு பக்கந்தான்டா. எனுதும் அந்த பீரோவுலதான் கீது. ரெண்டு வருஷம் முடிஞ்சி கேக்கப் போனேன். ப்ரமோஷன்னு சொல்லி மறுபடியும் கையெழுத்து வாங்கிக்கினாங்க. சாவி என் கையில இருந்தா மொதல்ல எனுத எடுத்துக்கினு ஓடியிருக்க மாட்டனா?"

பிறகு அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

புகார் கொடுக்கலாம் என்று நண்பன் சொன்னான். கொடுக்கலாம்தான். அதை விசாரித்து முடிப்பதற்குள் வெள்ளிக்கிழமை போய்விடும்.

வீட்டில் அப்பாவிடம், "தர மாட்டாங்கப்பா" என்றேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு, "இன்னாடா சொல்ற, நம்முளுதுதான அது?" என்றார். அப்புறம், நாளைக்கு நானும் வரேன் என்றார். உள்ளே விடமாட்டார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "வெளிய நிக்கிறேன். அப்பன் வந்துகிறான்னு போய்ச் சொல்லு."

சொன்னேன். மேலே தகவல் போயிருக்கிறது என்றார்கள். வெளுத்த வேட்டியும் ஒரே ஒரு நல்ல சட்டையுமாக அப்பா காலையிலிருந்து கேட்டுக்கு எதிரே நின்றார். என் மேசைக்குப் பக்கத்துக் கண்ணாடி கறுப்பு பூசியது, திறக்காது. உள்ளேயிருந்து அவரைப் பார்க்கலாம், அவரால் என்னைப் பார்க்க முடியாது. அவர் ஒவ்வொரு மாடியாக அண்ணாந்து தேடினார். வேறு ஏதோ ஜன்னலைப் பார்த்து, என்ன ஆச்சு என்று கையை விரித்துக் கேட்டார்.

மணி நாலரை ஆகியிருந்தது. லைனில் ஒரு அம்மா தன் பில் எப்போது பாஸாகும் என்று மூன்றாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். இன்றைக்கு ஆகாது என்று எனக்குத் தெரியும். அழைப்பைப் பதிவு செய்கிறார்கள் என்பதும் தெரியும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் பாஷையில், அவர்கள் சொல்லிக்கொடுத்த குரலில் சொன்னேன். கீழே அப்பா வெயிலுக்குக் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.