பிள்ளையார் சுழியோடு ஒரு வாக்கு

என் கணவர் எதை எழுதத் தொடங்கினாலும் பிள்ளையார் சுழி போட்டுத்தான் தொடங்குவார். அவர் வேலை செய்யும் மரக்கறிக் கடைக்கு முருங்கைக்காய்ப் பெட்டி வந்து இறங்கினால் முதலில் பெட்டியின் மூலையில் ஒரு சுழி விழும். விலை எழுதும் மட்டையிலும் அப்படித்தான். சட்டைப்பையில் எப்போதும் ஒரு தடித்த பச்சைப் பேனை இருக்கும். உகரம் போட்டு, அதற்குக் கீழே இரண்டு கோடு இழுத்து, பக்கத்தில் ஒரு புள்ளியும் குத்துவார். புள்ளி வைப்பதை நான் வேறு யாரிடமும் கண்டதில்லை. ஒருமுறை வைத்தியரிடம் நிரப்பிக் கொடுத்த தாளின் தலையிலும் அதைப் போட்டுவிட்டு, இது என்ன என்று அந்த வைத்தியர் அம்மா கேட்டபோது, தன் கையெழுத்து என்று சொல்லிச் சமாளித்தார். நான் பக்கத்தில் இருந்து சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பாரிஸின் லா சப்பலில் எங்கள் வீடு பிலிப்-து-ஜிரார் தெருவில், நாலாம் மாடியில் இருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்த நாளிலிருந்து ஒரு தேர்தலையும் விட்டதில்லை. யாருக்குப் போடுவது என்று யோசித்ததும் இல்லை. இடதுசாரிகள் எங்கள் ஆட்கள். ஊரில் சண்டை உச்சத்தில் நின்ற நேரம் எங்கள் ஊர்வலங்களில் வந்து கூட நின்றவர்கள், தமிழ் வகுப்பு நடத்த இடம் தந்தவர்கள். கடைத்தெருவில் நாலு பேர் கூடிக் கதைத்தால் அந்தக் கதை அத்தோடு முடிந்துவிடும். மாறிப் போடுகிறவர்கள் இருந்திருக்கலாம். வாய் திறந்து சொன்னவர்கள் இல்லை.

மாறுகிறவர்களைக் கண்டால் என் கணவருக்கு ஆகாது. ஊரில் ஒரு தேர்தலில் எங்கள் சனத்தில் ஒரு பகுதி தெற்கின் சிங்களக் கட்சிக்கு வாக்களித்தபோது வீடே இரண்டுபட்டது. யாழ்ப்பாணத்தில் இருக்கும் அவருடைய சொந்த அக்காவே தெற்குக்குத்தான் போட்டிருந்தார். "எத்தனை காலத்துக்குத் தம்பி ஒரே ஆக்களுக்குப் போடுறது, எங்கட ஒழுங்கைக்கு ஒரு லைற் வரேல்லையே" என்று அவர் தொலைபேசியில் சொல்ல, இவர் பதில் சொல்லாமல் துண்டித்தார். அதன் பிறகு அக்காவோடு பேச்சு இல்லை. செத்தவர்களை விற்றுவிட்டார்கள் என்று சாப்பாட்டு மேசையில் நெடுநாள் புலம்பினார். எனக்கும் கோபம்தான். ஆனால் ஒரு விளக்குக்காகக் கூடப்பிறந்தவளை வெட்டிவிடுகிற அளவுக்கு எனக்கு வீரம் போதாது.

இனி என் தம்பியைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அவனைப் பற்றியதுதான். எங்கள் வீட்டில் கடைசி. தனக்கு நாற்பது வயது கடந்த பிறகுதான் பிரான்சுக்கு வந்து சேர்ந்தான். அகதிக் கேஸைக் கொடுத்தான், மறுத்தார்கள். மேல்முறையீடு செய்தான், அதையும் மறுத்தார்கள். மீண்டும் திறக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் காத்திருந்தான். எங்கள் வரவேற்பறைச் சோபாவில் படுப்பான், ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுவான். மெத்ரோ வாசலில் பொலிஸ் நிற்கும் என்று வேலைக்கு நடந்தே போவான். அவன் வருகிற நேரம் தாண்டினால் நான் யன்னலடியில் போய் நிற்பேன். இந்த நாட்டில் எனக்கு இருந்த ஒரே பயம் அவனைப் பிடித்து அனுப்பிவிடுவார்கள் என்பதுதான். அந்தப் பயத்தோடுதான் நான் வேலைக்குப் போனேன், சமைத்தேன், தூங்கினேன்.

என்னைவிட என் கணவர்தான் அவனுக்கு அதிகம் செய்தார். இதை மறைத்தால் நாக்கு அழுகிவிடும். நல்ல மீன் வந்தால் தம்பிக்கு என்று எடுத்து வைப்பார். தன்னுடைய குளிர்கால மேலங்கியைக் கழற்றி அவனுக்குப் போட்டுவிட்டார். வழக்கறிஞரிடம் போக வேண்டிய நாட்களில் கடையில் லீவு சொல்லிவிட்டு இவரே கூட்டிக்கொண்டு போவார். "அவன் எனக்கும் தம்பிதான்" என்பார். நானும் அப்படித்தான் நம்பினேன்.

அந்தக் கோடையில் திடீரென்று தேர்தல் வந்தது. வெளிநாட்டவர்களைக் குறைப்போம், விசா இல்லாதவர்களைப் பிடித்து அனுப்புவோம் என்று சொல்கிற கட்சி வெல்லப்போகிறது என்று தொலைக்காட்சியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஞாயிறு காலையில் முதல் ஆளாகப் போய், பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் என் வாக்கைப் போட்டேன். வெளியே வரும்போது வாக்குச்சாவடியின் தலைவர், சாயந்தரம் எண்ணுவதற்கு ஆள் போதாது, வர முடியுமா என்று கேட்டார். இங்கே வாக்குச்சீட்டுகளை எல்லோருக்கும் முன்னால், வாக்களிக்க வந்த சனத்தையே இருத்தி எண்ணுவிப்பார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அகதியாக வந்த என்னை நம்பி நாட்டின் வாக்கை எண்ணக் கூப்பிடுகிறார்களே என்று பெருமையில் மிதந்தபடி வீட்டுக்கு வந்தேன். என் கணவர் தான் மத்தியானம் கடையிலிருந்து ஓடிவந்து வாக்களிப்பதாகச் சொன்னார். "நீர் போம். எங்கட ஆக்கள் ஒருத்தர் அங்கை இருக்கிறது நல்லம்" என்றார்.

சாயந்தரம் எங்கள் மேசையில் நாலு பேர். இங்கே ஒவ்வொரு வேட்பாளருக்கும் பெயர் அச்சடித்த தனிச்சீட்டு, விரும்பியவரின் சீட்டை உறைக்குள் வைத்துப் போடுவார்கள். நான் உறையைத் திறந்து சீட்டை விரித்துக் கொடுக்க வேண்டும். என் பக்கத்தில் இருந்த வயதான பிரெஞ்சு அம்மா பெயரை உரக்க வாசிப்பார். எதிரில் இருந்த இருவரும் கோடு போடுவார்கள். அந்தக் கட்சியின் சீட்டுகள் நான் நினைத்ததைவிட அதிகமாக வந்தன. ஒவ்வொன்றையும் விரிக்கும்போது, இது அந்த மூலைக் கடைக்காரனாக இருக்கும், இது மாடியில் இருக்கிற கிழவனாக இருக்கும் என்று மனத்துக்குள் வைதுகொண்டே கொடுத்தேன். பிறகு ஒரு சீட்டை விரித்தேன். அதே கட்சி, அதே பெயர். பெயருக்கு மேலே பச்சை மையில் தடித்த பிள்ளையார் சுழி, கீழே இரண்டு கோடு, பக்கத்தில் புள்ளி.

நான் சீட்டை நீட்டவில்லை. அந்த அம்மா சீட்டை என் கையிலிருந்து மெல்ல எடுத்தார். சுழியைக் காட்டி, இது இலக்கம் இரண்டா என்று கேட்டார். தலைவரைக் கூப்பிட்டார்கள். அவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். இது என்ன எழுத்து, யாருக்காவது தெரியுமா என்று கேட்டபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தமிழ் என்றேன். கடவுளை நினைத்து எதையும் தொடங்குவோம், அந்த அடையாளம் என்றேன். அவர் நல்ல மனிதர், சிரித்தபடி சொன்னார்: "கடவுளுக்கு இங்கே வாக்கு இல்லை, மதாம்." அச்சடித்த சீட்டில் ஒரு கீறல் விழுந்தாலும் அது செல்லாது. மேசை சிரித்தது. நானும் சிரித்தேன், சிரிக்காமல் விட்டால் அழுதுவிடுவேன் என்று தெரிந்ததால். செல்லாத சீட்டுகளை அறிக்கையோடு இணைத்து அனுப்புவார்களாம். இப்படியாக எங்கள் வீட்டுப் பிள்ளையார் பிரெஞ்சு அரசின் கோப்புக்குள் போய்ச் சேர்ந்தார்.

மிச்ச உறைகளையும் நான்தான் திறந்தேன். எப்படித் திறந்தேன் என்று கேட்டால் தெரியாது.

வெளியே வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. கடைக்காரர்கள் பெட்டிகளை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார்கள், தெரிந்த இரண்டு பேர் முடிவு என்ன என்று கேட்டார்கள். நான் நிற்காமல் நடந்தேன். வழியெல்லாம் ஒரே யோசனைதான். கல்யாணம் கட்டி இத்தனை வருடத்தில் அவர் எனக்கு ஒளித்த ஒரு காரியமாவது எனக்குத் தெரியுமா? சிகரெட் குடிப்பதைக்கூட ஒளிக்கத் தெரியாத மனிதர். மூன்றாம் மாடியில் படியில் உட்கார்ந்து கொஞ்சம் அழுது, முகத்தைத் துடைத்துக்கொண்டுதான் வீட்டுக்குள் போனேன்.

தம்பிக்கு அன்று வேலை இல்லை, கணவாய்க் கறி வைத்திருந்தான். இருவரும் சாப்பாட்டுக்கு எனக்காகக் காத்திருந்தார்கள். என் கணவர், "என்ன மாதிரி, எங்கட சாவடியில ஆர் முன்னுக்கு?" என்று கேட்டார். அவர் அப்படிப் பச்சைப் பிள்ளை மாதிரிக் கேட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"உங்கட வோட் செல்லேல்ல" என்றேன். "பிள்ளையார் சுழி போட்டிருக்கிறியள். நான்தான் விரிச்சனான்."

அவர் முகம் செத்துப்போனது. கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி நான் எதிர்பார்த்ததே இல்லை.

"அப்ப இதுக்கு முதல் போட்டதெல்லாம்?"

எனக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. இந்த நாட்டில் அவர் போட்ட ஒவ்வொரு வாக்கிலும் சுழி இருந்திருக்கிறது. இடதுசாரிகளுக்கு அத்தனை வருடம் விசுவாசமாகப் போட்டதில் ஒன்றும் பெட்டியைத் தாண்டவில்லை. இன்னொரு நாள் என்றால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

"அதை விடுங்கோ. இவனைப் பிடிச்சு அனுப்பிறம் எண்டு சொல்லுற ஆக்களுக்கெல்லே போட்டிருக்கிறியள்" என்றேன். "இவனுக்குச் சோத்தையும் போட்டு, அங்கை போய் அதையும் போட்டிருக்கிறியள்."

"இவனையில்ல" என்றார். குரலை உயர்த்தவில்லை. "அவங்கள் சொல்லுறது அங்கை பாலத்துக்குக் கீழ கூடாரம் அடிச்சுக் கிடக்கிறவங்களை. கடை வாசலுக்கு வந்து பாரும். ஒவ்வொரு நாளும் சண்டை, களவு. நாங்கள் வந்து இப்பிடியே இருந்தனாங்கள்? இவன் எங்கட ஆள்."

"பொலிஸ்காரனுக்குத் தெரியுமே இவன் உங்கட ஆள் எண்டு? நாங்கள் வரேக்குள்ள எங்களையும் இப்பிடித்தான் சொன்னவை."

எனக்கு வாயில் வந்ததெல்லாம் வந்தது. ஊரில் மாறிப் போட்டதற்கு அக்காவை வெட்டினீர்களே, அவ கேட்டது ஒரு லைற், நீங்கள் கேட்டது மனிசரை என்றேன். அது அவருக்குச் சுட்டது. எழும்பிப் போய் யன்னலடியில், நான் வழமையாக நிற்கிற இடத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் அழப்போகிறான் என்று நினைத்தேன். அவனுக்குத் தைரியமாக ஏதாவது சொல்ல வேண்டும், நான் இருக்கும்வரை உன்னை யாரும் அசைக்க முடியாது என்று சொல்ல வேண்டும் என்று அவன் தோளில் கை வைத்தேன். அவன் சோற்றைப் பிசைந்தபடி, தலை நிமிராமல் சொன்னான்.

"அத்தானை ஏசாதேங்கோ அக்கா. எனக்கு வோட் இருந்தா நானும் அங்கைதான் போடுவன்."

என் கை அவன் தோளிலேயே இருந்தது.

"உவ்வளவு சனம் வந்து நிண்டா என்ர கேஸை ஆர் பாக்கிறது? அவங்களை அனுப்பினா எங்களுக்கு ஒரு வழி பிறக்கும்."

அவன் கெட்டவன் இல்லை. கோப்பை கழுவும்போது கூட வேலை செய்கிற மாலி நாட்டுப் பெடியனுக்குத் தன் சாப்பாட்டில் பாதி கொடுப்பவன். அந்தப் பெடியனுக்கும் விசா இல்லை. ஆனால் வரிசையில் முன்னால் நிற்கிறவன் விழுந்தால் தனக்கு இடம் வரும் என்று யாரோ அவனை நம்பவைத்துவிட்டார்கள். யாரோ இல்லை, நாங்கள்தான். எங்கள் கடைகளில், எங்கள் மேசைகளில், தமிழில் கேட்டு வளர்ந்த நம்பிக்கை அது. நான் அவனுக்காக இரண்டு பேரோடு சண்டை பிடிக்கலாம், ஊரோடு சண்டை பிடிக்கலாம். அவனுக்காக அவனோடேயே எப்படிச் சண்டை பிடிப்பது? நான் கையை எடுத்துக்கொண்டு போய்க் கோப்பைகளைக் கழுவினேன்.

யாருக்கும் பாதிக்கு மேல் வாக்கு விழாததால் அடுத்த ஞாயிறு இரண்டாம் சுற்று. அந்தக் கட்சியின் ஆளும் மிஞ்சி நின்றார். அந்த வாரம் முழுக்க என் கணவர் என்னிடம் தேவைக்கு மட்டும் கதைத்தார், மீனை மட்டும் வழமைபோலத் தம்பிக்கு எடுத்து வைத்தார். இந்த முறை எண்ணுவதற்கு வரச் சொல்லித் தலைவர் கேட்டபோது நான் முடியாது என்றேன். காலையில் தனியாகப் போய் வாக்கைப் போட்டுவிட்டு வந்து குசினிக்குள் நின்றேன்.

மத்தியானம் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டார். தம்பியும் சப்பாத்தைப் போட்டான். எங்கே போகிறாய் என்று நான் கேட்கவில்லை. கதவடியில் நின்று அவன் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது எனக்குக் கேட்டது.

"அத்தான், பேனையை வைச்சிட்டு வாங்கோ. ஒண்டும் எழுதக்கூடாது. அப்பிடியே மடிச்சு உறைக்குள்ள வையுங்கோ. இந்த முறை செல்ல வேணும்."

"ஓம், ஓம்" என்றார் அவர்.

இருவரும் கதைத்தபடி படியிறங்கினார்கள். நான் யன்னலடிக்குப் போய்ப் பார்த்தேன். பள்ளிக்கூட வாசலில் பொலிஸ் நிற்கும் என்பதால் என் தம்பி தெருமுனையிலேயே நின்றுகொண்டு அவரை மட்டும் உள்ளே அனுப்பினான்.