ஐந்தடி ஒன்பது அங்குலம்

சில நாடுகள் மீட்டருக்கும் கிலோவுக்கும் ஏன் இன்னும் மாறவில்லை என்று கேட்டால் படித்தவர்கள் பெரிய பெரிய காரணங்களாகச் சொல்வார்கள். சுவிஸின் பீல் நகரத்தில் சிறீதரன் வீட்டில் அந்த மாற்றம் வராததற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். அதைப்பற்றி அவருடைய மனைவி சிவமலர் யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

சிவமலர் நல்ல உயரம். மாப்பிள்ளை அவளைவிட உயரமாக இருக்கவேண்டுமென்று வீட்டார் ஒற்றைக்காலில் நின்றார்கள். சுவிஸ் மாப்பிள்ளை ஐந்தடி ஒன்பது அங்குலம் என்றார் தரகர். வந்த படத்தில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். சூரிச் விமான நிலையத்தில் பூங்கொத்தோடு நின்றவரோ அவளைவிட ஒரு விரற்கடை குறைவு. பாவம், வியர்த்து வழிந்துகொண்டு நின்றார். அவளுக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. அன்றோடு குதி உயர்ந்த செருப்பை விட்டுவிட்டாள்.

கடிகாரத் தொழிற்சாலையில் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் பொறுக்காத மனிதர், வீட்டில் அடி, அங்குலம்தான் பேசுவார். மகள் தனுஷியா பள்ளிக்கூடத்து அளவுநாடாவோடு வந்து, "அப்பா, சுவரோடை நில்லுங்கோ, எத்தினை சென்டிமீட்டர் எண்டு பாப்பம்" என்றால் அவர் முகம் கறுத்துவிடும். சிவமலர்தான் குறுக்கே விழுவாள்.

"உந்தக் கணக்கெல்லாம் எங்களுக்கு விளங்காது. அடியிலை கதை."

அம்மா சரியான பட்டிக்காடு என்று மகள் நினைத்தாள். நினைத்துவிட்டுப் போகட்டும் என்று சிவமலர் இருந்துவிட்டாள்.

போன மாசியில், வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் சிறீதரன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், உயிர் தங்கவில்லை.

இறுதிச்சடங்கு ஒழுங்குசெய்ய வந்தவர், பெட்டிக்காக அவருடைய உயரத்தைக் கேட்டார். தனுஷியா வாய் திறக்குமுன் சிவமலர் தரகர் சொன்ன ஐந்தடி ஒன்பது அங்குலத்தைச் சென்டிமீட்டராக்கி ஜெர்மன் மொழியில் சொன்னாள்.

"நூற்று எழுபத்தைந்து சென்டிமீட்டர்."

மகள் திகைத்துப்போனாள். "அம்மா, உங்களுக்குச் சென்டிமீட்டர் தெரியுமோ? ஆனா அப்பா நூற்றி அறுபத்தெட்டுத்தான். ஆஸ்பத்திரியிலை அளந்து சொன்னவை."

"ஓம், தெரியும் பிள்ளை. எயார்போட்டிலை கண்டவுடனையே தெரியும்."

"பிறகேன் இவ்வளவு காலமும்...?"

சிவமலர் மகளுடைய கையைப் பிடித்துக்கொண்டு உடைந்து அழுதாள்.

"அந்த மனுசன் என்ரை பக்கத்திலை கழுத்தை நீட்டி நீட்டியே நடந்தவர். எனக்கு அது ஒரு குறையே இல்லையெண்டு ஒருநாளும் நான் சொல்லேல்லை. சொன்னால் வெக்கப்படுவாரெண்டு விட்டிட்டன். இனி ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது?"