டிக்கிக்குள் கேட்ட தட்டல்

சிரிக்காமல் கேட்பதாக இருந்தால் சொல்கிறேன், நடுவில் சிரித்தால் அப்படியே நிறுத்திவிடுவேன். பேய், ஆவி என்று யார் பேச்செடுத்தாலும் போய் வேலையைப் பார் என்று விரட்டுகிற ஆள் நான். எங்கள் லேஅவுட்டில் பாதி கட்டி நின்றுபோன ஒரு வீட்டில் வெள்ளையாக என்னவோ ஆடுகிறது என்று தெருவே நடுங்கிக் கொண்டிருந்தபோது, டார்ச்சோடு உள்ளே போய் அந்தச் சிமெண்ட் சாக்கைச் சுருட்டிக்கொண்டு வந்து எல்லோர் முன்னாலும் போட்டவன். நான் இப்படி ஒரு கதை சொல்ல வேண்டி வரும் என்று யாராவது அப்போது சொல்லியிருந்தால் அவரையும் சேர்த்து விரட்டியிருப்பேன். போதாக்குறைக்கு எனக்கு நடந்தது நடுச்சாமத்தில்கூட இல்லை, பட்டப்பகலில்.

என் பிழைப்பும் நம்புகிற பிழைப்பு இல்லை, சோதித்துப் பார்க்கிற பிழைப்பு. ஓசூர் தொழிற்பேட்டையில், வேனுக்கும் ஆம்புலன்ஸுக்கும் பாடி கட்டுகிற ஒரு கம்பெனியில் வாட்டர் டெஸ்ட்டில் இருந்தேன். கட்டி முடித்த வண்டியை ஷெட்டுக்குள் தள்ளி, மழை அடிக்கிற மாதிரி நாலாபக்கமும் தண்ணீர் அடிப்போம். வெளியே ஒருவர் பைப்பைப் பிடிக்க, உள்ளே ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு டார்ச்சோடு உட்கார்ந்து எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க வேண்டும். அந்த இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அதனால் உள்ளே இருப்பவர், தண்ணீர் வருகிற இடத்தில் விரலை மடக்கித் தட்டுவார். தட்டிய இடத்தில் வெளியே குறி போடுவோம். கடைசிவரை தட்டல் வராவிட்டால் வண்டி ஓகே, அடுத்ததைத் தள்ளு என்று அர்த்தம்.

அந்தத் தட்டலில்தான் மஞ்சுளா எனக்கு அறிமுகம். கெலமங்கலம் பக்கத்துப் பெண், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். ஆள் சின்னதாக இருந்ததால் யாரும் நுழையாத இண்டு இடுக்குக்கெல்லாம் அவளைத்தான் அனுப்புவார்கள். மற்றவர்கள் டக் டக் என்று ஒரே மாதிரி தட்டுவார்கள். அவள் ஒரு தட்டு தட்டி, கொஞ்சம் பொறுத்து, பிறகு வேகமாக இரண்டு தட்டுவாள். அந்த இரண்டில் லேசாகக் கோபம் இருக்கும், தண்ணீர் வருகிறது என்கிறேனே, காது என்ன செவிடா என்கிற மாதிரி. முகத்தை நன்றாகப் பார்ப்பதற்கு முன்பே அந்தத் தட்டலை நான் கேட்டுப் பழகிவிட்டேன். அவளையே கட்டிக்கொண்டேன். இரண்டு வீட்டிலும் குதித்தார்கள், பிறகு எங்களுக்கு மகள் பிறந்ததும் எல்லோரும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள், உலகத்தில் நடக்கிறதுதான்.

மகளைச் சேலத்தில் கட்டிக் கொடுத்த பிறகு, இனிமேல் நாம் இரண்டு பேரும் நிம்மதியாக ஊர் சுற்றலாம் என்று ஒரு பழைய கார் வாங்கினோம். ஊர் எங்கே சுற்றினோம். மஞ்சுளாவுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள், கார் பெங்களூர் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாகவே ஓடியது. அத்திப்பள்ளி நெரிசலில் வண்டி ஊரும்போது பின்சீட்டில் அவளுக்குக் குளிர் தூக்கிப் போடும். அதற்காகக் குந்தாரப்பள்ளி சந்தையில் ஒரு கருங்கம்பளி வாங்கி வந்தேன். போகும்போதும் வரும்போதும் போர்த்திக்கொள்வாள், வீட்டுக்கு வந்ததும் மடித்து டிக்கியில் வைத்துவிடுவோம். அந்த மழைக்காலத்தில்தான் டிக்கி ஒழுக ஆரம்பித்தது. "ஊரான் வண்டிக்கெல்லாம் ஓட்ட கண்டுபுடிச்சோம், நம்ம வண்டி ஒழுகுது பாருங்க" என்று அந்த வலியிலும் என்னைக் கிண்டல் செய்தாள். அடுத்த மழைக்கு அவள் இல்லை.

காரியம் முடிந்ததும் பெரியவர்கள் வழக்கப்படி அவள் படுத்த பாய், தலையணை, உடுத்திய துணி எல்லாவற்றையும் எடுத்துப் போய்விட்டார்கள். செத்தவர் போர்த்தியது வீட்டில் இருக்கக்கூடாதாம். டிக்கியைத் திறந்து பார்க்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. கொஞ்ச நாள் கழித்து நானே ஏதோ தேடப் போய்த் திறந்தேன், குப்பென்று அவள் வாசம். தைலமும், தலைக்கு வைக்கிற எண்ணெயும், அவளும். அந்தக் கம்பளியில் முகத்தை வைத்துக்கொண்டு தெருவில் நின்று அழுதேன், வெட்கப்படவில்லை. வெளியே எடுத்தால் வாசம் போய்விடும், மகள் வந்து பார்த்தால் தோய்த்துப் போட்டுவிடுவாள், அது மூடிக் கிடக்கிற டிக்கியிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். தினம் காலையில் ஒருதரம் திறந்து மூடுவேன். அவ்வளவுதான் எனக்கு மிச்சம்.

மழை மறுபடி பிடித்தது. ஒருநாள் திறந்தால் கம்பளியின் ஓரம் நனைந்து பூஞ்சை வாடை அடிக்கிறது. இன்னும் ரெண்டு மழை போனால் அவள் வாசம் போய்விடும், பூஞ்சை வாடைதான் மிஞ்சும். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே கம்பளியை பிளாஸ்டிக் கவரில் சுற்றி முன்சீட்டில் வைத்துவிட்டு, டிக்கியின் தரைவிரிப்பைப் பிரித்து எடுத்து, தண்ணீர் ட்யூபைக் குழாயில் மாட்டி வேலையை ஆரம்பித்தேன்.

தனியாளாக இந்த வேலையைச் செய்ய முடியாது, அதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். தண்ணீர் விட்டுவிட்டு டிக்கியைத் திறந்து பார்த்தால், எங்கேயோ நுழைந்த தண்ணீர் எங்கேயோ ஓடி இன்னொரு மூலையில் தேங்கி நிற்கும். ஒழுகும்போதே உள்ளே கண் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பையனைப் படுக்கச் சொல்லலாம்தான். அவள் வாசம் இருக்கிற இடத்தில் இன்னொருவரைப் படுக்க வைக்க மனசு வரவில்லை. முட்டாள்தனமாக நானே தண்ணீர் விடுவதும் திறந்து பார்ப்பதுமாக இருந்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. எரிச்சலில் மூடியை அறைந்து சாத்திவிட்டு, இடது பக்கம் பின் லைட்டின் மேல் தண்ணீரைத் திருப்பினேன்.

உள்ளேயிருந்து ஒரு தட்டு. கொஞ்சம் பொறுத்து, வேகமாக இரண்டு.

ட்யூப் தகரத்தில் மோதுகிறது என்று நினைத்துத் தண்ணீரை நிறுத்தினேன். சத்தம் நின்றது. ட்யூபைத் தள்ளிப் பிடித்து மறுபடி விட்டேன். ஒன்று, பிறகு இரண்டு. லைட்டுக்குப் பக்கத்திலேயே, உள்பக்கம். ட்யூபைக் கீழே போட்டேன். மஞ்சு என்று கூப்பிட்டுக்கொண்டே மூடியைத் தூக்கினேன். யாரும் இல்லை. இருக்க மாட்டாள் என்று தெரியாதா எனக்கு, நானே கொள்ளி வைத்தவன். ஆனால் லைட்டின் உள்பக்கம், சத்தம் வந்த அதே இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் தொங்கிக்கொண்டிருந்தது. கழற்றிப் பார்த்தால் லைட்டுக்கு அடியில் இருக்கிற ரப்பர் கேஸ்கெட் வெடித்திருக்கிறது.

நம்பினால் நம்புங்கள், அன்றைக்கு நான் பயப்படவே இல்லை. மறுநாள் புது கேஸ்கெட் வாங்கி வந்து போட்டு மறுபடி தண்ணீர் விட்டேன். இடது லைட்டில் சத்தம் இல்லை. மூடியைச் சுற்றி வருகிற ரப்பர் பீடிங்கில் வலது மூலைக்குப் போனதும் தட்டினாள். ஆமாம், தட்டினாள் என்றுதான் சொல்வேன், உங்களுக்கு வேறு மாதிரி சொல்ல வேண்டுமானால் சொல்லிக்கொள்ளுங்கள். பீடிங்கையும் மாற்றினேன். தண்ணீர் விடாமல் சும்மா மூடியில் தட்டிக் கூப்பிட்டும் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். பதில் இல்லை. தண்ணீர் உள்ளே நுழைந்தால் மட்டும்தான் தட்டல். கம்பெனியிலும் அப்படித்தான், வேலை நேரத்தில் வெட்டிப் பேச்சு பேச மாட்டாள்.

பீடிங் மாற்றின பிறகு ஒரே ஓர் இடம்தான் பாக்கி. பின்கண்ணாடிக்குக் கீழே, டிக்கி கீலுக்கு உள்பக்கம், இரண்டு தகடு சேருகிற இடத்தில், இடுக்கை அடைக்கிற சீலண்ட் பசை உதிர்ந்து ஒரு கோடு திறந்திருந்தது. அங்கே தண்ணீர் விட்டால் தட்டல். சீலண்ட் ட்யூபைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றவனுக்கு அப்போதுதான் உறைத்தது. இதையும் அடைத்துவிட்டால் வண்டி ஓகே. வண்டி ஓகே என்றால் தட்டல் கிடையாது.

அடைத்தால் வாசம் தங்கும், சத்தம் போய்விடும். அடைக்காவிட்டால் சத்தம் இருக்கும், டிக்கியில் கம்பளி வைக்க முடியாது. இப்படி ஒரு கணக்கை எந்த மனுசனுக்கும் ஆண்டவன் போடக்கூடாது. அந்த இடத்துக்கு என் கையும் சரியாக நுழையாது, மணிக்கட்டோடு சிக்கிக்கொள்ளும், விரல் நுனிதான் எட்டும். வெளியேயிருந்து செய்வதென்றால் கண்ணாடியையே கழற்ற வேண்டும், கழற்றியிருக்கலாம், எனக்குத் தெரியாத வேலையா. கை நுழையவில்லை என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு சீலண்ட் ட்யூபை மூடி வைத்துவிட்டேன். கம்பளி கவருக்குள்ளேயே முன்சீட்டில் கிடந்தது. அது முதலிலேயே நனைந்த துணி, கவருக்குள் புழுங்கிப் புழுங்கி நாளாக ஆக அதில் கம்பளி வாடையைத் தவிர ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. பரவாயில்லை, தட்டல் இருக்கிறதே என்று இருந்தேன்.

மழை வந்தால் போதும், குடையோடு போய் வண்டிப் பக்கத்தில் நிற்பேன். காது வைத்துக் கேட்பேன். அவள் தட்டத் தட்ட நான் மகளைப் பற்றிச் சொல்வேன், பேத்தி பேசுவதைச் சொல்வேன், இன்றைக்குக் குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று சொல்வேன். கொஞ்ச நாளில் மழை இல்லாதபோதும் நானே தண்ணீர் விட ஆரம்பித்துவிட்டேன். சோறு ஆக்குவதுகூட விட்டுப்போனது. யாரோ பார்த்து மகளுக்குப் போன் போட்டுவிட்டார்கள். அவங்கம்மா வீட்டு வழக்கப்படி அவள் என்னை நைனா என்றுதான் கூப்பிடுவாள். "நைனா, வண்டிய வித்துட்டு இங்க வந்துடுங்க. அம்மா இருந்தா உங்கள இப்படி நனைய விடுவாங்களா?" என்று அழுதாள். விடமாட்டாள்தான். இருமிக்கொண்டே போனை வைத்தேன். சளி நெஞ்சில் கட்டி, காய்ச்சலும் வந்துவிட்டிருந்தது.

காய்ச்சலோடு படுத்திருந்த ஒரு சாயங்காலம், சூளகிரிப் பக்கமிருந்து இருட்டிக்கொண்டு வந்து ஒரு மழை அடித்தது பாருங்கள், ஜன்னல் எல்லாம் அதிர்ந்தது. எழுந்து தள்ளாடிக்கொண்டே போய் டிக்கிமேல் காதை வைத்தேன். மழைச் சத்தம் மட்டும். இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம் என்று நின்றேன். ஒன்றும் இல்லை. தண்ணீர் ட்யூபையும் எடுத்து அந்தக் கண்ணாடிக்குக் கீழேயே நேராக அடித்தேன். தட்டல் இல்லை. மூடியைத் தூக்கினேன். உள்ளே சுக்காகக் காய்ந்து கிடக்கிறது, ஒரு சொட்டு இல்லை. போன் வெளிச்சத்தை அந்த இடுக்கில் அடித்தேன். திறந்து கிடந்த கோடு முழுக்கச் சீலண்ட், விட்டுப்போகாமல், ஒரே சீராக, பளபளவென்று.

வண்டிச் சாவி என் தலையணைக்குக் கீழே இருந்தது. மகள் சேலத்தில். நான் வைக்கவில்லை. நான் வைத்திருக்கவும் மாட்டேன். அந்தக் கோட்டை அடைத்தால் அவள் குரல் போய்விடும் என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு அவளுக்கும் தெரிந்திருக்கும், தெரிந்தேதான் அடைத்திருக்கிறாள். வண்டி ஓகே, வீட்டுக்குள்ளே போங்க என்று சொல்லிவிட்டாள். திறந்த டிக்கியின் விளிம்பில் உட்கார்ந்து, மழை உள்ளே கொட்டக் கொட்ட அழுதேன். அவள் செத்த அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை. பிறகு உள்ளே போய் தலையைத் துவட்டிக்கொண்டு மாத்திரை போட்டேன்.

தெரிந்த மெக்கானிக் ஒருவனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நீங்களே வச்சிட்டு மறந்திருப்பீங்கண்ணா, காய்ச்ச வேகத்துல என்னா பண்றோம்னு மனுசனுக்குத் தெரியுமா?" என்றான். சரி, நீ உன் கையை விட்டுப் பார் என்றேன். விட்டான். அவனுக்கும் மணிக்கட்டோடு நின்றுவிட்டது. டீ வாங்கிக் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போய்விட்டான்.

நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள், நினைத்துக்கொள்ளுங்கள், நான் சண்டைக்கு வரவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ மழை வந்துவிட்டது, ஒரு தட்டல் இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. எனக்குப் புரியாதது ஒன்றே ஒன்றுதான். நான் காலமெல்லாம் புழங்கிய சாமான் அந்தச் சீலண்ட். இன்றைக்கு வைத்தால் நாளைக்குக் காய்ந்து ரப்பராகிவிடும், எந்தக் கம்பெனி சாமானாக இருந்தாலும் அப்படித்தான். ஆனால் இதை நான் எப்போது கையை விட்டுத் தொட்டாலும், இப்போதுதான் யாரோ வைத்துவிட்டுப் போன மாதிரி ஈரமாக ஒட்டுகிறது. இங்கே வருவதற்கு முன்னால்கூடத் தொட்டுவிட்டுத்தான் வந்தேன், இதோ, விரலைப் பாருங்கள்.