துபாயிலிருந்து இரண்டு மணி நேரம்

ஐஸ் பாரில் ஒட்டியிருக்கும் ஈர மரத்தூளின் வாசனை எங்கே வந்தாலும் இன்றும் நான் அங்கே நிற்க மாட்டேன். எண்பதுகளின் ஒரு சித்திரையில், மானாம்பதி வீட்டுக் கூடத்தில் நைனாவைக் கிடத்தியிருந்த பெஞ்சுக்கடியில் அந்த ஐஸ் உருகி வாசல்வரை ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் அப்பா என்றால் 'நைனா'. முதல்நாள் விடியலில் போய்விட்டார். அவருடைய ஒரே மகனான என் அண்ணன் துபாயில் வெல்டர். அவன் வந்து முகம் பார்த்துக் கொள்ளி வைக்க வேண்டும் என்றுதான் அத்தனை பேரும் காத்திருந்தோம்.

காலை பத்து மணிக்குப் பதில் தந்தி வந்தது. அன்று காலை ஏழு மணி விமானத்தில் கிளம்புகிறானாம். அவனைத் தவிர ஊரில் யாரும் 'பிளேன்' ஏறியதில்லை.

"பாப்பா, நீதான் படிக்கிற புள்ள. துபாய்லேர்ந்து மெட்ராசுக்கு எம்மா நேரம் ஆவும், புக்கப் பாத்து சொல்லு" என்றார் பெரியப்பா.

ஒன்பதாம் வகுப்பில் இருந்த எனக்கு அந்த அழுகையிலும் கொஞ்சம் பெருமையாக இருந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அட்லஸில் ஆசியா பக்கத்தைத் திருப்பி, நூலை வைத்து அளந்து, 'ஒரு சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோமீட்டர்' என்று பரீட்சைக்காக மனப்பாடம் செய்திருந்த அளவால் பெருக்கினேன். ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர். பிளேன் மணிக்கு எழுநூற்றைம்பது போகும் என்று எங்கோ படித்திருந்தேன். "ரெண்டு மணி நேரம் பெரிப்பா" என்றேன். அப்படியானால் ஒன்பதுக்கே மீனம்பாக்கத்தில் இறங்கியிருப்பான், பகல் ஒரு மணிக்குள் வீட்டில் இருப்பான் என்று கணக்குப் போட்டார்கள்.

ஒரு மணி ஆனது. இரண்டும் ஆனது. ரோட்டில் ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டால் அம்மா எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். கொண்டுவந்த ஐஸ் தீர்ந்துவிட்டது, ஊதுவத்தியை மீறிக்கொண்டு வாடை வர ஆரம்பித்தது.

மூன்று மணிக்குப் பெரியப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "பிளேன வுட்டுட்டான் போலகீது. இன்னும் வெச்சிகினு இருந்தா ஒடம்பு தாங்காது. எடுத்துடலாம்." கொள்ளி வைத்தது அவருடைய மகன்.

அண்ணன் டாக்சியில் வந்து இறங்கியபோது மணி ஐந்துகூட ஆகவில்லை. நாங்கள் வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தோம். அந்த ஈரத்தில் நின்று, "நைனா எங்கடி?" என்று என்னைக் கேட்டான்.

பிறகு அட்லஸை எடுத்துப் பார்த்தேன். நான் பெருக்கியது இந்தியப் படத்தின் அளவு. ஆசியப் படத்துக்கு அது வேறு. தூரம் மூவாயிரம், நேரம் நாலு மணி. அங்கே ஏழு என்றால் இங்கே எட்டரை என்பதும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பெரியப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் சட்டென்று என் வாயைப் பொத்தினார். "யார்கிட்டயும் சொல்லாத. நான் அவசரப்பட்டன்னே இருக்கட்டும்."

இன்று அண்ணன் மகள் துபாயில் இருக்கிறாள். அவள் கிளம்பினால், விமானம் எந்தக் கடல்மேல் வருகிறது என்று அண்ணன் போனிலேயே பார்த்துக்கொண்டிருக்கிறான். தந்தி போய்விட்டது. பெரியப்பாவும் போய்விட்டார். ஒரே தெருவில் இருந்தும் அண்ணன் அவரோடு கடைசிவரை பேசவில்லை. அவர் இறந்த அன்று அவனைக் கூப்பிடப் போனது நான்தான்.

"நைனாவ எடுக்கறப்ப எனக்காவ அவரு காத்துகினு இருந்தாரா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான்.

அப்போதும் நான் சொல்லவில்லை.